மெட்டி ஒலி வீடும் ஆல்பேர்ட் சதுக்கமும்

கொழும்பை அடுத்த ஹெந்தளையில் தமிழ் நாடகம் என்றால் அது சென்னையில் எடுக்கப்பட்ட நாடகம்தான். 1998இல் சக்தி தொலைக்காட்சி தொடங்கிய பிறகு சன் டிவியின் தொடர்கள் வத்தளை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை வீடுகளுக்குள் வரிசையாக வந்தன. களனி கங்கைக்கு வடக்கே, நீர்கொழும்பு வீதியை ஒட்டிய ஹெந்தளையில் தலைமுறைகளாக வாழும் கத்தோலிக்கத் தமிழர், மலையகத்திலிருந்து தொழில் தேடி இறங்கியோர், 1983க்குப் பிறகும் 1995 இடப்பெயர்வுக்குப் பிறகும் வந்த யாழ்ப்பாணத்தார் எல்லோரும் அடுத்தடுத்த வீடுகளில் இருக்கிறார்கள். மாலையில் இந்த வீடுகள் அனைத்திலும் ஒரே தலைப்புப் பாட்டுத்தான் கேட்டது. அங்கிருந்து லண்டனுக்கும் பாரிசுக்கும் ரொறன்ரோவுக்கும் போனவர்கள் அந்தப் பழக்கத்தையும் கூடவே கொண்டுபோனார்கள்.

இந்தத் தொடர்கள் பெண்களைக் கெடுக்கின்றன, பிள்ளைகளின் பேச்சை மாற்றுகின்றன, நிறுத்த வேண்டும் என்ற பேச்சு ஊரில் ஓயாமல் எழும். புலம்பெயர்ந்தவர்களில் பலர் அதற்குத் தலையாட்டுவதோடு, "வெள்ளைக்காரன் எடுக்கிறதைப் பார்" என்று ஒரு வரியும் சேர்ப்பார்கள். ஒப்பிடுவது நல்லதுதான். ஆனால் இரண்டையும் பார்த்துவிட்டு ஒப்பிட வேண்டும்.

பிரித்தானியாவின் 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' 1960 டிசம்பர் 9இல் தொடங்கியது. முதல் நாளில் கென் பார்லோவாக வந்த வில்லியம் ரோச் அறுபது ஆண்டுகள் கடந்த பிறகும் அதே பாத்திரத்தில் நடித்தார். பிபிசியின் 'ஈஸ்ட்எண்டர்ஸ்' 1985 பெப்ரவரி 19இல் வந்தது. கதை நடப்பது கிழக்கு லண்டனில் இருப்பதாகக் கற்பிக்கப்பட்ட ஆல்பேர்ட் சதுக்கத்தில். இரண்டிலும் நடுநாயகமாக இருப்பது ஒரு மதுக்கடை. சண்டை, காதல், கடன், மரணச் செய்தி எல்லாம் அங்கே ஊரறிய நடக்கின்றன. ஹெந்தளையின் சிங்கள அயலவர்கள் 1987 முதல் ஐ.டி.என்.னில் பார்த்துவரும் 'கோப்பி கடே'யும் இதே வகைதான். கிராமத்துத் தேநீர்க்கடை ஒன்றைச் சுற்றி ஊர் முழுவதும் பேசுகிறது. தமிழ்த் தொடரில் இப்படி ஒரு பொது இடம் கிடையாது. கூடம், சமையலறை, மாடிப்படி, பூசையறை என்று எல்லாமே வீட்டுக்குள்தான். குறை சொல்கிறவர்கள் இதைத்தான் முதலில் சுட்டுகிறார்கள்.

அந்தக் குறைக்குச் சரியான பதில் 'மெட்டி ஒலி'. திருமுருகன் இயக்கிய இந்தத் தொடர் 2002இல் ஆரம்பித்து 2005 வரை, எண்ணூறுக்கு மேற்பட்ட அத்தியாயங்கள் ஓடியது. இலங்கையில் போர்நிறுத்தம் வந்து, யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 வீதி திறந்ததும் அதே ஆண்டில்தான். பல ஆண்டுகள் ஒருவரையொருவர் பார்க்காத குடும்பங்கள் மீண்டும் ஒரே வீட்டில் கூடிய அந்தக் காலத்தில், தாயில்லாத ஐந்து பெண்களை வளர்த்து ஒவ்வொருத்தியாகக் கட்டிக்கொடுக்கும் தகப்பனின் கதை ஈழத்து வீடுகளில் இறங்கிய ஆழத்தைச் சென்னைத் தயாரிப்பாளர்கள் எதிர்பார்த்திருக்க முடியாது. டெல்லி குமாரின் சிதம்பரம் குரலை உயர்த்தாத மனிதர். மகள் புகுந்த வீட்டில் படும் பாட்டைத் தெரிந்துகொண்டே அவளைத் திரும்பக் கொண்டுபோய் விடுகிற தகப்பன். அவரை நல்லவர் என்பதா, கோழை என்பதா என்று பார்வையாளர் தீர்மானிக்க முடியாமல் தவித்ததில்தான் அந்த எழுத்தின் பலம் இருந்தது.

மகள்களில் ஒருத்தியாகக் காயத்ரி நடித்த சரோவும் சேத்தன் நடித்த மாணிக்கமும் தமிழ்த் தொலைக்காட்சி படைத்த மிக உண்மையான தம்பதி. மாணிக்கம் வில்லன் இல்லை. தாயின் சொல்லைத் தாண்டத் தெரியாத மகன். வெளியே ஒழுங்கான மனிதன், வீட்டில் மனைவியை நிமிரவிடாதவன். அப்படி ஒருவரை அறியாத தமிழ்க் குடும்பம் ஹெந்தளையிலும் இல்லை, லண்டன் ஹாரோவிலும் இல்லை. சாந்தி வில்லியம்ஸ் நடித்த மாமியாருக்கு நஞ்சுப் போத்தலோ அடியாட்களோ தேவைப்படவில்லை. சீர்வரிசையில் எது குறைந்தது என்பதை நினைவில் வைத்திருந்ததே போதுமாக இருந்தது. பணம் எங்கிருந்து வருகிறது, யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள், யார் வீட்டில் யார் எத்தனை நாள் தங்கலாம் என்பவையே கதையை நகர்த்தின. வெங்கட் என்ற நடிகருக்கு அதில் ஏற்ற பாத்திரத்தின் பெயர் ஒட்டிக்கொண்டு, இன்றும் அவர் போஸ் வெங்கட்தான்.

வளர்ந்த பிள்ளைகள் தனிவீடு போய்விடும் சமூகத்தில் எல்லோரையும் ஓரிடத்தில் சேர்க்க எழுத்தாளனுக்கு மதுக்கடை வேண்டும். கலியாணத்துக்குப் பிறகும் நாலு குடும்பம் ஒரே அடுப்பில் சமைக்கும் சமூகத்தில் வீடே சந்தியும் நீதிமன்றமும் ஆகிவிடுகிறது. ஆகவே தமிழ்த் தொடர் வீட்டுக்குள் நடப்பதைக் குறையாகச் சொல்வது பொருந்தாது. உண்மையான குறை, அந்த வீடு பின்னாளில் பொய்யாகிப்போனது. படுக்கப் போகும்போதும் பட்டுச்சேலை, ஒவ்வொரு முகத்துக்கும் மூன்று தடவை இடிமுழக்கம், வாரக்கணக்கில் நீளும் கடத்தல். 'மெட்டி ஒலி'யைப் பார்த்த கண்ணுக்கு இவை தாங்கக்கூடியவை அல்ல.

பிரித்தானியரிடம் தமிழ்த் தயாரிப்பாளர்கள் கட்டாயம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. 2011 ஒக்ரோபரில் 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்'டின் பெட்டி டிரைவர் காலமானபோது, அவருடைய பாத்திரத்துக்கும் கதைக்குள்ளேயே இறுதிச்சடங்கு நடத்தினார்கள். தமிழில் 'இவருக்குப் பதில் இவர்' என்று ஓர் அட்டை வரும், மறுநாள் வேறு முகம் அதே தாலியோடு நிற்கும். திருச்செல்வத்தின் 'எதிர்நீச்சல்' இதற்குப் பெரிய உதாரணம். ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8இல், அந்தத் தொடருக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் உடல்நலம் குன்றி இறந்தார். குணசேகரனின் ஆணவம் மாரிமுத்துவின் உடம்பிலும் அந்த "ஏய்"யிலும் ஊறியிருந்தது. அவருக்குப் பதிலாக வந்த வேல ராமமூர்த்தி தேர்ந்த கலைஞர், ஆனால் அந்த இருக்கை அவருக்காகச் செய்யப்பட்டதல்ல. குணசேகரனும் இறந்துவிட்டதாக எழுதி, அவர் இல்லாத வீட்டில் மருமகள்களான ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, ஜனனி நால்வரும் என்ன செய்கிறார்கள் என்று காட்டியிருந்தால் தமிழ்த் தொடர் வரலாற்றில் அது ஒரு திருப்பமாக இருந்திருக்கும்.

'எதிர்நீச்சல்' தொடங்கியது 2022 பெப்ரவரியில். இலங்கையில் மின்வெட்டு இறுகிய மாதங்கள் அவை. மார்ச் முடிவில் ஒரு நாளில் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் நின்றது. இரவு ஒன்பதரைக்கு ஹெந்தளை இருட்டில் கிடக்கும்போது லண்டனில் மாலை நான்கு அல்லது ஐந்து மணி. வேலையால் வந்து கைபேசியில் அத்தியாயத்தைப் பார்த்து முடிக்கிற மகள் தாய்க்குக் கதை சொல்வது அந்த நாட்களில் வழக்கமானது. "அம்மா, நேற்றும் கரண்ட் இல்லையே?" "எங்க பிள்ளை, எட்டு மணிக்கே போயிட்டுது. சொல்லு, ஜனனி இப்ப என்ன செய்யப் போறாளாம்?" எரிவாயு வரிசையும் பால்மா விலையும் அதற்குப் பிறகுதான் பேச்சில் வரும். தொடர்களை நிறுத்தச் சொல்கிறவர்கள் இந்த உரையாடலின் பெறுமதியைக் கணக்கில் எடுப்பதில்லை. இருபது வருடம் பிரிந்திருக்கும் தாய்க்கும் மகளுக்கும் இரண்டு பேரும் அறிந்த மனிதர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். ஜனனியையும் நந்தினியையும் இருவருக்கும் தெரியும்.

இவ்வளவும் சொன்ன பிறகும் ஒரு மனக்குறை எஞ்சுகிறது. ஹெந்தளையின் பேச்சு அந்தத் திரையில் எங்கும் இல்லை. வானொலிக் காலத்தில் நிலை இப்படி இருக்கவில்லை. இலங்கை வானொலியில் சானாவின் 'லண்டன் கந்தையா'வும் சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்' தொடரும் ஊர்ப்பேச்சிலேயே வந்தன. 'கோமாளிகளின் கும்மாளம்' முஸ்லிம் தமிழையும் யாழ்ப்பாணத் தமிழையும் சிங்களவர் பேசும் தமிழையும் ஐயர் தமிழையும் ஒரே மேடையில் வைத்தது. 1976இல் 'கோமாளிகள்' என்று திரைப்படமாகவும் வந்தது. மரிக்கார் ராமதாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன் என்று பாத்திரப் பெயர்கள் நடிகர்களோடு கடைசிவரை நின்றன. ஹெந்தளைச் சந்தியில் பஸ்சுக்கு நிற்கும் பத்துப் பேரிடம் இன்றைக்கும் அந்தக் குரல்கள் பெரும்பாலும் கேட்கும்.

தொலைக்காட்சி அந்த மரபைத் தொடரவில்லை. காரணம் திறமைக்குறைவு அல்ல. தமிழ் விளம்பரச் சந்தை சிறியது, ஓர் அத்தியாயத்தை எடுப்பதைவிட வாங்குவது மலிவு. வெளிநாட்டுத் தொடர்களுக்கு அரசு வரி விதித்தும் அதனால் தமிழ் நாடகம் பெருகவில்லை. 2009இல் வந்த வசந்தம் உட்பட எந்தத் தமிழ் அலைவரிசைக்கும் வாரத்துக்கு ஐந்து நாள் தொடர் கட்டாது என்பது உண்மைதான். வாரம் ஒரு அரைமணி நேரம் கட்டும். 'கோப்பி கடே' வாரத்துக்கு ஒன்றாகவே இத்தனை வருடம் வந்திருக்கிறது. ஒரு ஒழுங்கையும் ஒரு சில்லறைக்கடையும் நாலு விதமான தமிழும் இருந்தால் அதற்குப் போதும். லண்டனிலும் ரொறன்ரோவிலும் சந்தா கட்டிச் சென்னைத் தொடர் பார்க்கும் குடும்பங்களில் ஒரு பங்கு இதற்கும் கட்டுமானால் முதல் பருவத்துக்கான செலவையாவது ஈடுசெய்யலாம்.