திருக்கடையூரோடு திரும்பிவிடாதீர்கள்!

கணியூர்ப் பக்கத்தில் வீட்டுப் பெரியவருக்கு அறுபது நிறைந்துவிட்டால் அடுத்த பேச்சு என்ன? "திருக்கடையூருக்கு எப்போது போகலாம்?" என்பதுதான். அமிர்தகடேசுவரர் சந்நிதியில் சஷ்டியப்த பூர்த்தி, அபிராமி தரிசனம், இலை போட்டுச் சாப்பாடு. அப்புறம் வண்டி ஏறி ஊர் திரும்பிவிடுகிறோம். அம்மா, அப்பாவுக்கு மாலை மாற்றிவைத்த திருப்தி நமக்கு. ஆனால் கூட வந்த குழந்தைகளுக்கு?

அவர்களுக்காக ஒரு யோசனை சொல்கிறேன், கேளுங்கள். அங்கிருந்து தெற்கே பத்துக் கிலோமீட்டர்கூட இல்லை, தரங்கம்பாடி. ஒரு கோட்டை, ஒரு பழைய கோயில், எதிரே கடல். மூன்றையும் காலாற நடந்தே பார்த்துவிடலாம்.

கொங்கு நாட்டுக்காரர்களுக்கும் கடலுக்கும் என்ன உறவு என்று நினைக்கிறீர்களா? கணியூருக்கு அருகே கடத்தூர்க் கோயிலை ஒட்டி ஓடுகிறதே அமராவதி, அது கரூருக்கு அப்பால் திருமுக்கூடலூரில் காவிரியோடு கலக்கிறது. காவிரி கடலைச் சேரும் பூம்புகாரோ தரங்கம்பாடிக்குச் சற்று வடக்கே இருக்கிறது. நம் ஊர் ஆறு போகும் திசையில்தான் நாமும் போகிறோம்!

ஊர் வாசலிலேயே வெள்ளையாக ஒரு நுழைவாயில் வரவேற்கிறது. 1792-ல் டேனிஷ்காரர்கள் கட்டியது. அதைத் தாண்டி ராஜ வீதியில் நேரே நடந்தால் கடற்காற்று முகத்தில் அடிக்கும். வலப்புறம் கோட்டை.

ஐரோப்பாவின் வடபகுதியில் இருக்கும் சின்ன நாடு டென்மார்க். அங்கிருந்து கப்பலில் வந்தவர்கள் 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று இந்த டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். நாயக்கர் அவர்கள் மன்னருக்குப் பொன் ஏட்டில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. அவர்கள் தேடி வந்தது மிளகையும் பருத்தித் துணியையும். இன்று திருப்பூர் பனியன் தூத்துக்குடியில் கப்பலேறுகிறது. அன்று தமிழ்நாட்டுத் துணி இந்த மணற்கரையில் கப்பலேறியது. கீழ்த்தளத்தில் வளைந்த கூரையுள்ள அறைகளில் சரக்கு வைத்தார்கள். சில அறைகளைச் சிறையாக்கினார்கள். மேலே கவர்னர் குடியிருந்தார். இப்போது உள்ளே தொல்லியல் துறையின் மியூசியம் இருக்கிறது.

சிறை என்றதும் ஒருவர் கதையைச் சொல்லத்தான் வேண்டும். 1706-ல் இங்கே வந்து இறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு, மணலில் குழந்தைகளோடு உட்கார்ந்து அரிச்சுவடி பழகினார். மறு வருஷமே பெண் குழந்தைகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். எந்தக் காலம், யோசித்துப் பாருங்கள்! எளியவர்களுக்காகப் பேசப்போய்க் கவர்னரின் கோபத்துக்கு ஆளாகி, 1708-ல் நாலு மாதம் இதே கோட்டையில் அடைபட்டுக் கிடந்தார். பிறகு அச்சுக்கூடம் வைத்துத் தமிழில் புத்தகங்கள் அச்சிட்டார். முப்பத்தாறு வயதிலேயே, 1719-ல் மறைந்தார். அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அவர் கல்லறை இருக்கிறது. உங்கள் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வீதியில் நடக்கும்போது, அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்லுங்கள்.

கோட்டையைவிட மூத்தது கரையோரத்து மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-ல் எழுந்தது. சடங்கன்பாடி என்று ஊரின் பழைய பெயரைச் சொல்லும் கல்வெட்டு இங்கேதான் இருக்கிறது. ஆனால் கடல் ஓயவில்லை. வருஷந்தோறும் கரையை அரித்து, கோயிலின் முன்பகுதியை விழுங்கிவிட்டது. எஞ்சியதைக் காக்கக் கரையில் பாறைகளைக் கொட்டி அலையை மறித்திருக்கிறார்கள்.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி எழுந்தபோது இந்த ஊர் எத்தனையோ உயிர்களைப் பறிகொடுத்தது. மீனவர் குடும்பங்கள் அதற்குப் பிறகும் இதே கடலை நம்பித்தான் படகு தள்ளுகின்றன. கரையில் வலை பிரிக்கும் பெண்களைக் கண்டால் ஒரு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள்.

டேனிஷ்காரர்கள் 1845-ல் இந்த ஊரையும் வங்காளத்துச் செராம்பூரையும் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டை நமக்கு மிஞ்சியது.

காலையில் திருக்கடையூர் வைபவம் முடிந்ததும் பெரியவர்கள் சற்றுக் கண்ணயரட்டும். வெயில் தாழ்ந்தபின் எல்லோருமாகக் கிளம்புங்கள். குடிக்கத் தண்ணீர், குழந்தைகளுக்கு ஒரு மாற்றுடை, சாப்பிட ஏதாவது கட்டிக்கொள்ளுங்கள். அலையில் கால் நனைத்தால் போதும். ஆழத்துக்கு யாரையும் விடாதீர்கள். மாலை மாற்றிக்கொண்ட தம்பதியையும் மறந்துவிடாமல் கடற்கரைக்கு அழைத்துப் போங்கள். அறுபது வயதுவரை கடலையே பார்த்திராத அம்மாக்கள் நம் பக்கத்தில் இன்னும் எத்தனையோ பேர்!