கூரை திறந்த காரில் மிருதங்கம்

மாஸ்டா 1989இல் அறிமுகம் செய்த மியாட்டா, இருவர் மட்டுமே அமரும் கார்; துணிக்கூரையைக் கையாலேயே பின்னால் மடித்துவிடலாம். முதல் தலைமுறை வண்டி ஒன்றைக் கலிஃபோர்னியாவில் வாங்கிய நாங்கள் இருவரும் அதில் பாலக்காடு மணி ஐயரைக் கேட்க ஆசைப்பட்டோம். கூரை திறந்து நெடுஞ்சாலையில் ஏறியதும் வலந்தலைச் சொற்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக எட்டின. தொப்பியின் கும்கி காற்றோடு போயிற்று.

குறை கருவியினுடையது அன்று. காற்றிரைச்சலின் பெரும்பகுதி தாழ்ந்த அதிர்வெண்களில் இருப்பது. தொப்பியின் நாதத்தை அது மூடிவிடும். மூடிய காரின் சிறு அறை தாழ்ந்த ஒலிக்குத் தரும் வலுவும் கூரையோடு கழன்றுவிடுகிறது. ஆம்ப்ளிஃபயரின் வாட்டை இரட்டித்தாலும் கூடுவது 3 டெசிபல்தான். வாட் கணக்கில் ஆசைகாட்டும் விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை.

எங்களில் ஒருவருக்கு இடச்செவி ஏற்கெனவே மந்தம். 85 டெசிபலில் நாளுக்கு 8 மணி நேரம், அதன்மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அதில் பாதி என்பது அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனத்தின் வரம்பு. 100 டெசிபலில் மிஞ்சுவது கால்மணி. சப்வூஃபர் யோசனையைக் கைவிட்டோம். கதவுத் தகட்டின் உட்புறம் பியூட்டைல் தாள் ஒட்டி, ஸ்பீக்கரைச் சுற்றியிருந்த இடுக்குகளை அடைத்தோம். தலைசாய்ப்பில் சிறு ஸ்பீக்கர்கள் பொருத்தினோம். மாஸ்டாவே சில மியாட்டாக்களில் அப்படித் தந்ததுண்டு. காதுக்கு ஒரு சாண் தொலைவுதான், உரக்க வைக்க வேண்டியதில்லை.

40 மைல் வேகம்வரை கும்கி கேட்கிறது. 65இல் இன்னும் இல்லை. மந்தச் செவிக்காரரே ஓட்டுகிறார், நல்ல செவி உட்புறம் இருக்கட்டும் என்று. தனி ஆவர்த்தனம் தொடங்கினால் கடலோரம் ஒதுங்கி எஞ்சினை அணைத்துவிடுகிறோம்.