ஒரு காது விவகாரம்

உங்கள் வீட்டில் சிவகாசியில் அச்சடித்தது ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கும். காலண்டர், டைரி, கல்யாணப் பத்திரிகை, குறைந்தபட்சம் ஒரு பட்டாசுப் பெட்டி. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் ஒட்டப்போய் வளர்ந்த தொழில் அது.

2003-ல் அங்கே ஓர் அச்சகத்தில் சில மாதங்கள் புரூஃப் பார்த்தேன். ஒருநாள் பட்டாசு ஆலைச் சுவரில் ஒட்டுகிற எச்சரிக்கை நோட்டீஸ் வந்தது. இரும்பு உரசினால் பொறி பறக்கும். மருந்து இருக்கிற இடத்தில் அதைவிட ஆபத்து வேறில்லை. அதைத்தான் பெரிய எழுத்தில் போடச் சொல்லியிருந்தார்கள். பேஜ்மேக்கரில் அடித்த பையன், நீளமான சொல் முழுசாக அடுத்த வரிக்குப் போனால் மேலே இடைவெளி பல்லை இளிக்குமே என்று அதை உடைத்திருந்தான். எழுத்துப்பிழை இல்லை. ஓகே போட்டுவிட்டேன்.

ஈய எழுத்துக் காலத்துக் கம்பாஸிட்டர் அண்ணாச்சி ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"சத்தமா வாசிங்க தம்பி."

முதல் வரி: 'இரும்புக் கருவிகளைப் பயன்படுத்தலா.' இரண்டாம் வரி: 'காது.'

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "அவசரத்துல போறவன் மொத வரியத்தான் பாப்பான். அதுல என்ன போட்டிருக்கு?"

கிட்டத்தட்ட 'பயன்படுத்தலாம்' என்றே போட்டிருந்தது.

ஆங்கிலத்தில் 'நோ'வும் 'டோன்ட்'டும் முன்னாடியே வந்து நின்றுவிடும். நமக்கு இல்லை, கூடாது, ஆகாது எல்லாமே கடைசியில். சொற்களும் ஒட்டி ஒட்டி நீளும். உடைத்த இடத்தில் பெரும்பாலும் கோடுகூடப் போடுவதில்லை. அதனால் அண்ணாச்சி சில விதிகள் வைத்திருந்தார். புள்ளி எழுத்தில் வரி தொடங்கக் கூடாது. கொம்பை எழுத்திலிருந்து பிரிக்கக் கூடாது. இனிஷியல் ஒரு வரி, பெயர் மறு வரி என்று வரக் கூடாது.

வரியை எங்கே உடைப்பது என்பதை முழுப் பத்தியையும் பார்த்துத் தீர்மானிக்கிற கணக்கு ஒன்றை டொனால்டு கனூத்தும் மைக்கேல் பிளாஸும் 1981-ல் கட்டுரையாகவே எழுதினார்கள். அருமையான கணக்கு. ஆனால் அது எடைபோடுவது முக்கியமாக இடைவெளியை. அர்த்தத்தை அல்ல.

அண்ணாச்சி எழுத்தைச் சின்னதாக்கவில்லை. பார்ட்டிக்கு போன் போட்டுச் சம்மதம் வாங்கி, வாக்கியத்தையே மாற்றினார்: 'இரும்பு கூடாது.' ஒரே வரி.

இன்றைக்கு நம் வரிகளை உடைப்பது செல்போன் திரை. எந்த அகலத்தில் யார் படிப்பார்கள் என்று நமக்குத் தெரியாது. ஆகவே 'வேண்டாம்' என்று சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுங்கள். காது மட்டும் தனியே கழன்று விழாமல் இருக்கும்.