மரத்தடியில் கத்தியவன்

2009 மார்ச் 3. மலேசியாவின் ஈப்போவில் பேராக் மாநிலச் சட்டமன்றக் கதவைப் பூட்டிவிட்டார்கள். சபாநாயகர் வி. சிவகுமார் வெளியே மழைமரத்தடியில் அவையைக் கூட்டினார். மூன்று உறுப்பினர்கள் கட்சி தாவியதில் பேராக்கில் எங்கள் கூட்டணி ஆட்சி கைமாறி ஒரு மாதம்கூட ஆகவில்லை. போலீசுக்கு இந்தப் பக்கம் நின்று, தொண்டை கட்டும்வரை கத்தினேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது.

அதை இன்றுவரை பெருமையாகச் சொல்லி வருகிறேன். மறைத்தது 2021ஐ.

அந்த ஆண்டு ஜனவரி 12இல், பிரதமர் முகிதின் யாசினின் ஆலோசனைப்படி அவசரகாலம் பிரகடனமானது. நாடாளுமன்றம் முடங்கியது. கொரோனா தொற்றுக்காக என்றார்கள். அதே நாளில் எங்கள் பேராக்கின் பாடாங் ரெங்காஸ் நாடாளுமன்ற உறுப்பினர் நஸ்ரி அசிஸ் அவருக்கான ஆதரவை விலக்கிக்கொண்டார். பிரதமரின் பெரும்பான்மை போய்விட்டது என்று எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் வாட்ஸ்அப் குழுவில், “நல்லதுதான், இந்தக் கட்சி தாவும் தவளைகள் ஆறு மாசம் வாயை மூடட்டும்” என்று எழுதினேன். பலர் கைதட்டினார்கள். மனம் குளிர்ந்துபோனேன். பெரும்பான்மை போன பிரதமர் பதில் சொல்ல வேண்டிய இடம் அவை. அதன் சாவியை அவரிடமே கொடுத்ததற்கு நானும் கைதட்டியிருக்கிறேன். அப்படியானால் மரத்தடியில் நான் கத்தியது அவைக்காக இல்லை, எங்கள் ஆட்சி போன கோபத்துக்காக.

அவையைப் பூட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெரியப்பா சுங்கை சிப்புட் பக்கம் பால்மரம் வெட்டியவர். 1969 மே கலவரத்துக்குப் பின் 1971 பிப்ரவரிவரை நாடாளுமன்றம் கூடவில்லை. அந்த இடைவெளியில்தான் குடியுரிமை இல்லாத சிவப்பு ஐசிக்காரர்களுக்கு வேலை பெர்மிட் கெடுபிடி வந்தது. ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் இந்தியா திரும்பினார்கள். பெரியப்பாவும் ஒரு டிரங்குப் பெட்டியோடு பினாங்கில் ரஜூலா கப்பல் ஏறினார். ஏன் என்று கேட்க அன்று அவை இல்லை. அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் குரல் உடைந்துபோகும்.

2021 ஜூலையில், எங்கள் அடுக்குமாடியின் மூன்றாம் மாடி சன்னலில் வெள்ளைத்துணி தொங்கியது. வேலை போன வீடு, உதவி கேட்கும் அடையாளம். அரிசியும் பால்மாவும் தூக்கிக்கொண்டு போனேன். அந்தப் பெண் கதவைப் பாதி திறந்து கேட்டாள்: “அண்ணே, நம்ம தொகுதி ஒய்பி இதையெல்லாம் பார்லிமெண்ட்ல கேக்க மாட்டாங்களா?”

பூட்டிக் கிடக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. மூட்டையை வாசலில் வைத்துவிட்டுப் படியிறங்கினேன்.