குருவானவர் கண்ட கருமணல்

1791-ஆம் ஆண்டு, வில்லியம் கிரகோர் என்னும் ஆங்கிலிக்கன் சபைக் குருவானவர், இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் ஓர் ஓடைக் கருமணலை ஆராய்ந்து, அதில் அதுவரை எவரும் அறியாத உலோகம் உறைவதாக அறிவித்தார். 1795-இல் கிளாப்ரோத் என்ற செருமானிய அறிஞர் அதற்கு டைட்டானியம் எனப் பெயர் சூட்டினார். நம் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கருமணலிலும் அதன் கனிமமே மின்னுகிறது. அக்குருவானவரை நாம் அண்மையில் அடிக்கடி நினைத்துக்கொள்வதற்குக் கள்ளக்குறிச்சியில் ஒரு வீட்டின் பின்கட்டில் இயங்கும் சிறு பட்டறையே காரணம்.

பட்டறைக்காரர் கல்வராயன் மலையில் பிறந்து, கோவையில் லேத் வேலை பழகிய இளைஞர். வெள்ளிமலைப் பக்கம் அவருடைய தாய்மாமன் மரவள்ளிக் குச்சி நறுக்குகையில், மடக்குக் கத்தி தானாக மூடிக்கொண்டு இரு விரல்களின் நரம்பை அறுத்துவிட்டது. மூடிக்கொள்ளாத கத்தி ஒன்றை மாமனுக்குச் செய்து கொடுப்பதே இளைஞரின் ஆசை.

தென்னாப்பிரிக்காவில் பிறந்த கிறிஸ் ரீவ் என்பவர் பரவலாக்கிய பூட்டு முறையை அவர் தேர்ந்துகொண்டார். கைப்பிடியின் ஒரு பக்கத் தகட்டிலேயே நாக்குப் போல ஒரு பகுதியை அறுத்து, உள்நோக்கி வளைத்துவிடுவார்கள். அலகை விரித்ததும் அந்நாக்கு அதன் அடியில் வந்து முட்டுக்கொடுக்கும். கைப்பிடியை இறுகப் பிடிக்குந்தோறும் பூட்டும் இறுகும். ரீவ் தம் கத்திக்கு இட்ட பெயர் ‘செபென்சா’. சூலு மொழியில் வேலை என்று பொருள். நம் செவிக்கு அதில் செபமும் கேட்கிறது!

டைட்டானியம் இரும்பைவிட ஏறக்குறைய நாற்பது விழுக்காடு இலேசானது, துருவேறாது, வளைத்தால் வில்லாகத் திமிறும். ஆயின் கடைவதற்குப் பொல்லாதது. வெப்பத்தை எளிதில் கடத்தாததால் சூடு முழுவதும் வெட்டுளியின் முனையிலேயே தங்கி, உளியை மழுக்கிவிடும். வேகத்தைக் குறைத்து, கூலண்ட் நீரைத் தாராளமாகப் பாய்ச்சி, உளி ஓரிடத்தில் நின்று உரசாதபடி சீராக வெட்டிச் செல்லவேண்டும். மெல்லிய சீவல்கள் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றுவது ஆபத்து. உலர்ந்த மணல்தான் மருந்து. அதற்கென்று ஒரு வாளி மணல் எந்திரத்தருகே இருந்தது.

உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருந்தது. பூட்டு கைப்பிடிப்பின் வலுவை நம்புவது. மாமனுக்கோ பிடி தளர்ந்துவிட்டது. நாக்கின் அடிப்பகுதியைத் தடிமனாக விட்டால் அது தானே உறுதியாக நிற்கும். ஆனால் மூடுவதற்குப் பெருவிரலால் தள்ள இயலாது. மெலிதாக்கினால் எளிதில் நகரும், பிடிமானம் போய்விடும். முதல் தகட்டில் நாக்கு முட்டும் முகத்தின் சாய்வும் மிகுந்துவிட்டது. அலகின் முதுகைப் பலகையில் அழுத்தியதும் நாக்கு வழுகியது. “இது வேண்டாம் சாமி” என்று, பல மாலைகளின் உழைப்பைத் தயங்காமல் பழைய இரும்புப் பெட்டியில் போட்டார். நமக்குத்தான் மனம் பொறுக்கவில்லை. மூன்றாம் தகட்டில் அடிப்பகுதியை ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேலாக நிறுத்தினார். எத்தனை முறை அழுத்தியும் பூட்டு அசையவில்லை.

மாமன் மலையிலிருந்து இறங்கி வந்தார். நெடுநேரம் விரித்தும் மடக்கியும் பார்த்தார். பெருவிரல் ஒத்துழைத்தது.

“கையில ஒண்ணும் இல்லாத மாதிரி இருக்கு சாமி. புதருக்குள்ள விழுந்தா கல்லு நிறத்துல தெரியாதே. செவப்புக் கயிறு கட்ட ஒரு ஓட்டை போடச் சொல்லுங்க.”

இளைஞர் கத்தியை வாங்கித் திருகுகளைக் கழற்றி, தகட்டை மீண்டும் எந்திரத்தில் பிணைத்தார்.