பூச்சியம் காட்டும் மாற்றம்

தமிழ் விக்கிப்பீடியாவில் ‘அண்மைய மாற்றங்கள்’ என்றொரு பக்கம் உண்டு. யார் எந்தக் கட்டுரையில் கைவைத்தாலும் அது அங்கே ஒரு வரியாக வந்து நிற்கும். வரியின் நடுவே ஓர் எண் இருக்கும். எழுத்துக் கூடியிருந்தால் பச்சை, குறைந்திருந்தால் சிவப்பு. திருகோணமலை மாவட்டத்தின் கப்பல்துறையில், பாடசாலையில் படிப்பித்துவிட்டு வந்த பின்னேரங்களில் அந்தப் பக்கத்தின் முன் இருந்துதான் விசமத் தொகுப்புகளைக் கண்டுபிடிக்கப் பழகினேன். சொல்லித் தந்தவர் அங்கே நிர்வாகியாக இருக்கும் ஓர் அண்ணா. நேரில் கண்டதில்லை. தொலைபேசியிலும் பேச்சுப் பக்கத்திலும்தான் பாடம் நடந்தது.

“தங்கச்சி, ஆர் செய்தது எண்டு பிறகு பாப்பம். முதல்ல என்ன மாறியிருக்கு எண்டு வாசியுங்க.” இதுதான் அவர் சொன்ன முதல் வார்த்தை. மாற்றத்தைச் சொடுக்கினால் இடப்பக்கம் பழையதும் வலப்பக்கம் புதியதும் அருகருகே விரியும். முழுக் கட்டுரையையும் அழித்துவிட்டுப் போனவர், தலைவர் ஒருவரின் பெயருக்குப் பக்கத்தில் வசைச்சொல் எழுதியவர், வரலாற்றுப் பந்திக்குள் காதலியின் பெயரைச் செருகியவர் எல்லாரும் அங்கே உடனே தெரிந்துவிடுவார்கள். இவற்றைக் கண்டுபிடிக்கப் பயிற்சியே வேண்டாம். அந்த வழியால் வரும் எந்த வாசகரும் கண்டு திருத்திவிடுவார்.

பயிற்சி தேவைப்பட்டது அந்த எண்ணை வாசிக்கத்தான். விக்கிப்பீடியா எழுத்துகளை எண்ணுவதில்லை, பைட்டுகளை எண்ணுகிறது. தமிழில் ‘க’ என்ற ஓர் எழுத்துக்கு மூன்று பைட்டு. அதன்மேல் புள்ளி வைத்தால் இன்னொரு மூன்று, கொம்போ விசிறியோ சேர்த்தாலும் இன்னொரு மூன்று. ‘கப்பல்துறை’ என்ற பெயரை ஒருவர் அழித்தால் வரியில் −30 என்று விழும். இலக்கம், இடைவெளி, காற்புள்ளி, ஆங்கில எழுத்து ஆகியவற்றுக்கு ஒவ்வொரு பைட்டுத்தான். ஆகவே கூடியதோ குறைந்ததோ மூன்றால் வகுபடாத எண்ணாக இருந்தால், அங்கே தமிழ் எழுத்து மட்டும் மாறவில்லை என்று வரியைத் திறக்காமலே சொல்லிவிடலாம். +1 என்று வந்தால் நான் கட்டாயம் திறந்து பார்ப்பேன். பெரும்பாலும் இடைவெளியாகத்தான் இருக்கும். சிலவேளை மக்கள்தொகையின் கடைசியில் ஒரு பூச்சியம் ஏறியிருக்கும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது 0. கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்று சாம்பல் நிறத்தில் அமைதியாக நிற்கும் வரி அது. ஓர் இலக்கத்தை எடுத்துவிட்டு இன்னோர் இலக்கத்தை வைத்தால் அப்படித்தான் வரும். அண்ணா இதற்கு எங்கள் ஊரையே எடுத்துக்காட்டாகத் தந்தார். ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியது 1942 ஏப்ரல் 9. அந்த 9ஐ ஒருவர் 5 என்று மாற்றினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். வரி 0 காட்டும். வசனம் பிசகாது. வாசிப்பவருக்கும் சந்தேகம் வராது, ஏனென்றால் ஏப்ரல் 5 உண்மையிலேயே அந்தப் போரில் வருகிற நாள்தான். அன்று தாக்கப்பட்டது கொழும்பு. பிழையைக் காட்டித்தர வேறொரு செய்தி தேவை. ஹேர்மெஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது திருகோணமலை தாக்கப்பட்ட அதே நாளில். அந்தக் கப்பலின் கட்டுரையைத் திறந்து திகதியை ஒப்பிட்டால் போதும். ஒரு கட்டுரையை இன்னொரு கட்டுரையின் சாட்சியத்தோடு வைத்து வாசிக்கிற பழக்கம் எனக்கு அன்று வந்தது.

எண்கள் தங்களுக்குள்ளேயே சாட்சி சொல்வதும் உண்டு. திருகோணமலைச் சீனன்குடாவின் எண்ணெய்க் குதங்களைப் பற்றி 2022 ஜனவரியில் செய்த ஒப்பந்தத்தில் லங்கா ஐஓசிக்கு 14, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு 61 என்று பிரித்தார்கள். கூட்டினால் 99. இந்த நான்கு எண்களில் எதை யார் தொட்டாலும் கணக்கு இடிக்கும். மாவட்டத்தில் எந்தச் சமூகம் எத்தனை வீதம் என்ற அட்டவணையில் அந்தப் பாதுகாப்பும் இல்லை. இரண்டு சமூகங்களின் வீதங்களை இடம் மாற்றிவிட்டாலும் கூட்டுத்தொகை நூறாகவே இருக்கும், வரியும் 0 காட்டும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கலந்து வாழும் திருகோணமலையில் அது விளையாட்டல்ல. அந்த இடத்தில் நினைவை நம்பக்கூடாது. தொகைமதிப்புப் புள்ளிவிபரவியல் திணைக்களத்தின் அட்டவணையைத் திறந்து வைத்துக்கொண்டுதான் திருத்த வேண்டும்.

ஆங்கில விக்கிப்பீடியா இந்தப் பாடத்தை 2005இல் படித்தது. ஜோன் சீகன்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரைக் கென்னடி கொலையோடு தொடர்புபடுத்தி ஒருவர் மே மாதம் எழுதிவிட்டுப் போனார். கெட்ட வார்த்தை ஒன்றும் அதில் இல்லை, நடையும் நிதானமாக இருந்தது. நான்கு மாதம் அது அப்படியே கிடந்தது. அதன் பிறகுதான் கணக்கில்லாதவர்கள் அங்கே புதுக் கட்டுரை தொடங்குவதைத் தடுத்தார்கள். அத்தனை கண்கள் உள்ள மொழியிலேயே நான்கு மாதம் என்றால், தமிழில் எத்தனை பொய்த் திகதிகள் உட்கார்ந்திருக்கும் என்ற கவலை எனக்கு இன்றும் உண்டு.

கண்டுபிடித்த பிறகு கையாள்வது வேறு படிப்பு. முன்னிலையாக்கும் உரிமை கிடைத்தவர் ஒரே சொடுக்கில் கடைசியாகத் தொகுத்தவரின் தொடர்ச்சியான மாற்றங்கள் எல்லாவற்றையும் நீக்கலாம். ஆனால் இரண்டு கணக்குகள் மாறி மாறிக் கெடுத்திருந்தால், ஒன்றை நீக்கும்போது மற்றதன் விசமம் நல்ல பதிப்பாகத் திரும்பி வந்துவிடும். வரலாற்றுப் பக்கத்தில் கீழே இறங்கி, கடைசியாகச் சுத்தமாக இருந்த பதிப்பைத் திறந்து அதையே சேமிப்பதுதான் சரியான முறை.

பிறகு எழுதியவரின் பேச்சுப் பக்கத்துக்குப் போக வேண்டும். கட்டுரை நடுவில் ‘எங்கட ஊர் நல்ல ஊர்’ என்று எழுதுகிற பிள்ளை எதையும் கெடுக்க வரவில்லை. தொகு பொத்தான் வேலை செய்கிறதா என்று பார்க்கிறது. அதை மணல்தொட்டி என்ற பயிற்சிப் பக்கத்துக்குக் கூட்டிப்போய், ஊரைப் பற்றிச் சான்றோடு எழுதக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் அவர்களில் சிலர் எழுதத் தொடங்குவார்கள். திகதியை மாற்றியவரிடமும் முதலில் ‘எங்கே வாசித்தீர்கள்?’ என்றுதான் கேட்கிறேன். அவர் கொழும்பையும் திருகோணமலையையும் குழப்பியிருக்கலாம். சொல்லியும் கேளாமல் தொடர்பவரை நிர்வாகிகளிடம் விடுவேன். வசைக்கு நான் பதில் எழுதுவதில்லை. வசை எழுதுபவருக்கு வேண்டியது அந்தப் பதில்தான்.

ஒரு வகை விசமத்தில் மட்டும் திருப்புவதோடு வேலை முடியாது. பாடசாலை ஒன்றைப் பற்றிய கட்டுரையில் ஒரு மாணவியின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் அசிங்கமான வரியோடு யாரோ போட்டிருந்தார்கள். கட்டுரையிலிருந்து நீக்கினாலும் வரலாற்றுப் பக்கத்தில் அது கிடக்கும், தேடுபவர் எடுத்துவிடுவார். அதனால் அந்தப் பதிப்பையே நிர்வாகி மறைக்க வேண்டும். “பொதுப் பக்கத்தில ஒண்டும் எழுதாதீங்க, எனக்குத் தனிய அனுப்புங்க” என்றார் அண்ணா. பொதுவில் முறையிட்டால் நாமே பத்துப் பேரை அங்கே கூட்டிப்போவோம். அன்று மறைக்கும் வரை நான் எழும்பவில்லை. படிப்பிக்கிற எனக்கு அந்தப் பிள்ளை யாரென்று தெரியத் தேவையில்லை.

2003இல் தொடங்கி, யாழ்ப்பாணத்தவரான மயூரநாதன் வளைகுடாவில் இருந்துகொண்டு வளர்த்த கலைக்களஞ்சியம் இது. 2017இல் ஓர் இலட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. எழுதியவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்பக் காவலிருப்பவர்கள் இல்லை. ஒப்படை செய்ய என் மாணவர்கள் முதலில் திறப்பது இதைத்தான். இதை வாசிக்கிற நீங்கள் கணக்கொன்றைத் தொடங்கி, உங்கள் ஊர்க் கட்டுரையின் மேலே உள்ள நட்சத்திரத்தை அழுத்தி, அதைக் கவனிப்புப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். அடுத்தமுறை அதில் ஓர் இலக்கம் மாறும்போது, அது சரியா பிழையா என்று சொல்ல அந்த ஊரவர் ஒருவர் வேண்டும்.