கட்டாய விடுப்பு

ஜூலை 7, திங்கள்

காலையில் டிவியில் திருச்செந்தூர் கும்பாபிஷேகம் பார்த்துவிட்டுத்தான் கிளைக்குக் கிளம்பினேன். பத்தேகாலுக்கு ரீஜனல் ஆபீஸிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கையில் ஒரு கடிதம். ‘மேண்டேட்டரி லீவு சார். இன்னிக்கே ஆரம்பம்.’

ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி. ஒன்று என்னிடம் இருக்கும். மாற்றாக வந்தவர் மதுரைக்காரர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். ரொக்கத்தை எண்ணினோம், நகைப் பைகளை எண்ணினோம், சாவிப் பதிவேட்டில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். ‘ஒழுங்காப் பாத்துக்கிடுங்க’ என்று அவரிடம் சொன்னேன். மத்தியானத்துக்குள் என் ஐடியை முடக்கிவிட்டார்கள். காலையில் முப்பது பேருக்குக் கடன் பாஸ் பண்ணக்கூடிய ஆள், இரண்டு மணிக்கு என் சொந்தக் கிளையின் இருப்பைக்கூடத் திரையில் பார்க்க முடியாது.

டிபன் கேரியரைத் திறக்காமலே வெளியே வந்தேன். வாசலில் செக்யூரிட்டி, ‘என்ன சார், மேலுக்கு முடியலையா?’ என்றார்.

ஜூலை 8, செவ்வாய்

போன் அடிக்கவில்லை. கெட்டுப்போய்விட்டதோ என்று மனைவியின் போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தேன். அடிக்கிறது.

ஜூலை 9, புதன்

இன்று நாடு தழுவிய வேலைநிறுத்தம். வங்கிச் சங்கங்கள் சிலவும் சேர்ந்திருக்கின்றன. ஊரே வேலைக்குப் போகலாமா கூடாதா என்று பேசிக்கொண்டிருக்கும் நாளில் எனக்கு அந்தக் கேள்வியே இல்லை.

ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கையைத் தேடி எடுத்துப் படித்தேன். தேதி 9 ஜூலை 2021. இன்றைக்குச் சரியாக நான்கு வருஷம். முக்கியப் பொறுப்பில் இருப்பவர்களை ஆண்டுக்கு ஒருமுறை, முன்கூட்டிச் சொல்லாமல், ஒரே தவணையில் 10 வேலைநாளுக்குக் குறையாமல் லீவில் அனுப்ப வேண்டும். அந்த நாள்களில் அவர்கள் வேலை சம்பந்தப்பட்ட எதையும் நேரிலும் தொடக் கூடாது, கணினி வழியாகவும் தொடக் கூடாது. அலுவலக மின்னஞ்சல் மட்டும் விலக்கு. யார் யார் முக்கியப் பொறுப்பு என்பதை அந்தந்த வங்கி முடிவு செய்துகொள்ளலாம். எங்கள் பட்டியலில் கிளை மேலாளரும் உண்டு.

பிரான்சில் 2017 முதலும், ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டு முதலும், வேலை நேரம் முடிந்தபின் ஆபீஸ் போனை எடுக்காமல் இருக்கத் தொழிலாளிக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறது. நம் மக்களவையில் சுப்ரியா சுலே 2018-ல் இதற்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. எனக்குக் கிடைத்திருப்பது அந்த உரிமை அல்ல. நான் திருடுகிறேனா என்று பார்ப்பதற்காக என்னைத் தள்ளி நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து போன் வராத லீவு என்று ஒன்று எனக்கு வாய்த்திருக்கிறதென்றால் அது இதுதான்.

ஜூலை 10, வியாழன்

பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீ குடிக்கப் போனேன். வீட்டில் டீ இருக்கிறது; போனது ஆள் பார்க்கத்தான். வாழைத்தார் வியாபாரி ஒருவர், எங்கள் கிளையில் ஓ.டி. வைத்திருப்பவர், கிளாஸோடு எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார்.

‘சார், கேட்டா தப்பா நெனைக்கக் கூடாது. சஸ்பெண்ட்னு சொல்லுதாவளே, நெசமா?’

‘லீவுல இருக்கேன்.’

‘லீவுன்னா வெளியூருக்குப் போவாவ. நீங்க இங்கனயே நிக்கீங்களே?’

‘இது எல்லா மேனேஜருக்கும் உள்ளது. ரிசர்வ் பேங்க் போட்ட விதி.’

‘ரிசர்வ் பேங்கேவா!’ என்றார். கண் விரிந்துவிட்டது. அதுவரை உள்ளூர் விவகாரமாக இருந்தது, என் விளக்கத்தால் பம்பாய் வரைக்கும் போய்விட்டது. டீக்கு அவரே காசு கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. இதுநாள் வரை அவர் கையால் ஒரு டீ நான் குடித்ததில்லை. இரக்கப்பட்டு வாங்கித் தந்தார் என்பதுதான் தொண்டையில் நின்றது.

வரும் வழியெல்லாம் யார் யார் என்னைப் பார்க்கிறார்கள் என்றே பார்த்துக்கொண்டு வந்தேன். மருந்துக் கடைக்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எந்த வகை?

மனைவியிடம் சொன்னேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ‘கள்ளம் ஒண்ணும் இல்லைன்னா எதுக்கு ஊரு பூரா கணக்கு ஒப்பிக்கிறீய?’ என்றாள். கொஞ்சம் கழித்து அவளாகவே, ‘அத்தை பதினாறாம் நாளு காரியத்துல ஐயர் மந்திரம் சொல்லச் சொல்ல, நீங்க எந்திரிச்சுப் போயி யாருக்கோ ஆர்.டி.ஜி.எஸ். நிக்குதுன்னு பேசிக்கிட்டிருந்தீயளே, அன்னைக்கு ஒருத்தரும் சஸ்பெண்டான்னு கேக்கல’ என்றாள்.

எதற்கு இதைச் சொன்னாள் என்று விளங்கவில்லை. கேட்கவும் இல்லை.

ஜூலை 12, இரண்டாம் சனி

பொதிகை ரயிலில் மகள் வந்தாள். சீசன் நேரம், டிக்கெட் கிடைத்ததே பெரிது. மூன்று பேருமாக ஐந்தருவிக்குப் போனோம். இத்தனைக்கும் குற்றாலம் பக்கத்தில்தான். மெட்ராஸிலிருந்தும் கேரளாவிலிருந்தும் கூட்டம் கூட்டமாக வந்து குளித்துவிட்டுப் போகிறார்கள். சாரல் எங்கள் கிளையின் ஜன்னலை நனைக்கும்போது, ஏ.சி.க்குள் தண்ணீர் போய்விடாமல் பார்த்துக்கொள்வதுதான் நமக்குச் சீசன்.

தண்ணீர் நன்றாகவே விழுந்தது. எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் என் தோளை அமுக்கிவிட்டு, ‘சார் எப்பவும் குனிஞ்சு எழுதுற வேலையோ, கல்லாட்டம் இருக்கே’ என்றார். கடைகளில் கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் உறை விற்கிறார்கள், போனை நனையாமல் வைத்துக்கொள்ள. அருவிக்கு அடியில் எனக்கு இடப்பக்கம் நின்ற ஆள் அப்படி ஒன்று மாட்டியிருந்தார். தலையில் ‘தடதட’வென்று தண்ணீர் விழுந்துகொண்டிருக்க, உறையை முகத்துக்கு நேரே பிடித்து, ஈர விரலால் பிளாஸ்டிக்கின் மேல் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். திரை ஏதோ எழுத்தைக் காட்டியது. உறையோடு காதில் வைத்து ‘ஹலோ, ஹலோ’ என்று கத்தினார். மறுமுனைக்கு என்ன கேட்டிருக்கும்? பின்னால் நின்றவர்கள் அவரை நகரச் சொல்லிச் சத்தம் போட்டார்கள்.

திரும்பி வந்தால் மகள் குளிக்கவே இல்லை. கல் பெஞ்சில் லேப்டாப்பை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். ‘ரிலீஸ்பா, அரை மணி நேரம்’ என்றாள். இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஒரு வார்த்தை சொல்லலாம் என்று வாயெடுத்தேன். மனைவி என்னைப் பார்த்தாள். சொல்லவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

மகள் ஊருக்குப் போய்விட்டாள். அல்வாவை வைத்துவிட்டு சார்ஜரை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

ஜூலை 15, செவ்வாய்

சாயங்காலம் தென்காசி காசி விசுவநாதர் கோயில். கோபுர வாசலில் எப்போதும்போல் காற்று ஆளைத் தள்ளியது.

பராக்கிரம பாண்டியன் 15-ஆம் நூற்றாண்டில் கட்டிய கோயில். அவன் பாட்டாகவே கல்லில் வெட்டிவைத்திருக்கிறான்: இந்தக் கோயிலுக்கு ஒரு குறை வந்தால், அதைச் சரிசெய்து காப்பவர் யாராக இருந்தாலும் உலகறிய அவரைப் பணிகிறேன் என்று. குறை வரத்தான் செய்தது. பழைய கோபுரம் பிளந்து மொட்டையாகவே வெகுகாலம் நின்றது. இப்போதுள்ள ஒன்பது நிலைக் கோபுரம் 1990-ல் எழுந்தது. அவன் பணிந்தது யாரை என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

மதுரைக்காரரிடம் நான் சொன்ன ‘ஒழுங்காப் பாத்துக்கிடுங்க’ ஞாபகத்துக்கு வந்தது. காற்று அதிகம், நிற்க முடியவில்லை, உள்ளே போனேன்.

இரவு தூக்கமில்லை. மோசடிகளைப் பற்றிப் படித்தேன். பஞ்சாப் நேஷனல் வங்கியின் மும்பைக் கிளையில் ஓர் அதிகாரி வருஷக்கணக்கில் ஒரே நாற்காலியில் இருந்தார். 2017-ல் ஓய்வு பெற்றார். மறு ஜனவரியில் அந்த இடத்தில் இருந்தவர்கள் ஈட்டுப் பணம் கேட்ட பிறகுதான் 13,000 கோடிக்கு மேற்பட்ட நீரவ் மோடி விவகாரம் வெளியே வந்தது. பிரான்சின் சொசியத்தே ஜெனரால் வங்கிக்கு 2008-ல் 490 கோடி யூரோ நஷ்டம் வைத்த கெர்வியல், லீவு எடுப்பதையே தவிர்த்து வந்தவர். நாற்காலி காலியானால் அடுத்தவர் உட்காருவார், உட்கார்ந்தால் பார்ப்பார்.

இருட்டும் வரை ஆபீஸில் இருப்பவர். லீவே எடுக்காதவர். தன் வேலையை இன்னொருவர் தொட விடாதவர். எங்கள் பிரிவுபசார மேடைகளில் இந்த மூன்றையும் சொல்லித்தான் பொன்னாடை போர்த்துகிறோம். விஜிலன்ஸ் பயிற்சி வகுப்பில் இதே மூன்றைச் சொல்லி, இப்படி ஒருவர் இருந்தால் கண் வையுங்கள் என்கிறார்கள். இரண்டு இடத்திலும் நான் கைதட்டியிருக்கிறேன், குறிப்பும் எடுத்திருக்கிறேன்.

ஜூலை 16, புதன்

எரிச்சல். மின்னஞ்சலுக்குத் தடையில்லை என்று திறந்தேன். ஓய்வு பெறும் ஒருவருக்கு வாழ்த்து, பழைய பேட்டரி ஏலம், யோகா தினப் படங்கள். அவ்வளவுதான். மத்தியானம் மூன்று மணி நேரம் தூங்கினேன். எழுந்தபோது என்ன கிழமை என்று தெரியவில்லை.

ஜூலை 19, சனி

ஐடி வேலை செய்கிறது. சாவி கைக்கு வந்தது. மதுரைக்காரரின் அறிக்கையில் சொல்லும்படியாக ஒன்றுமில்லை. ‘எல்லாம் கிளியர் சார்’ என்றார். எதிர்பார்த்ததுதான், ஆனாலும் முதுகு நிமிர்ந்தது. அவருக்கு நன்றி சொல்லி பஸ் ஸ்டாண்ட் வரை பைக்கில் கொண்டுபோய் விட்டேன்.

பதினொரு மணிக்குப் பென்ஷன் ஆச்சி ஒருவர் வந்தார். 15எச் படிவம் நிரப்ப வருஷா வருஷம் என்னிடம்தான் வருவார். என் அறை வாசலில் நின்று, ‘ஏய்யா, சுகந்தானா?’ என்று கேட்டார். நான் பேனாவை எடுத்தேன். ‘இல்லய்யா, போன வாரமே அந்தப் புள்ள எழுதிக் குடுத்துட்டுது, நல்லாச் செய்யுது’ என்று கவுண்டரைக் காட்டிவிட்டு நகைக் கடன் பக்கம் நடந்தார். அந்தப் பெண் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. இப்படி யாருக்கும் எழுதிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. எழுத வருகிறவர்களை நான்தான் உள்ளே கூப்பிட்டுக்கொள்வேனே.

வாழைத்தார் வியாபாரியும் வந்திருந்தார். எனக்குக் கேட்கும்படியாக எல்லோரிடமும், ‘சார் லீவுலதான் இருந்தாவ’ என்றார்.

ஜூலை 27, ஞாயிறு

காலை ஏழேமுக்காலுக்குக் கிளையிலிருந்து போன். நாளைக் காலை அனுப்ப வேண்டிய ஓர் அறிக்கையைப் பற்றி. எடுத்தேன். பேசி முடிக்க நாற்பது நிமிஷம் ஆயிற்று. காபி ஆறிப்போனது, மனைவி இன்னொன்று போடவில்லை. இனி விதிப்படியான லீவு அடுத்த வருஷம்தான். எந்தத் தேதியில் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.